எச்சிலில் கார்டிசால்: திடீர் அழுத்தத்தை ஆய்வகத்தில் அளப்பது எப்படி?

கேள்வி இது. உளவியல் ஆய்வு ஒன்றுக்காக ஆட்களை ஆய்வகத்துக்கு வரவழைத்து, சிறிது நேரம் அழுத்தத்துக்கு உள்ளாக்கி, உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எந்தச் சோதனை நல்லது? ரத்தமா, எச்சிலா? எத்தனை மாதிரி, எந்த நேரத்தில்? கார்டிசால் கிட் ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போதாது. கிட் வேலை செய்யும். அதில் பெரிய சிக்கல் வராது. இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் கெட்டுப்போவது கடிகாரத்தில்தான். எந்த மணிக்கு ஆள் வந்தார், வந்து எத்தனை நிமிடம் கழித்து முதல் குப்பி எடுத்தீர்கள், அழுத்தம் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் அடுத்தது என்பவை சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு நுட்பமான கருவியில் அளந்தாலும் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

உடம்பு இரண்டு வேகத்தில் பதில் சொல்கிறது. முதலாவது நரம்பு வழி. சில வினாடிகளில் அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தத்தில் ஏறும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். இவற்றின் அரையாயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், ஒன்றிரண்டு நிமிடம்தான். ஏறிய வேகத்திலேயே இறங்கிவிடும். இரண்டாவது சுரப்பி வழி. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனை விடும், அது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை விடச் செய்யும், அது ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியின் புறணியை (வெளிப்பகுதியை) எட்டி கார்டிசாலைச் சுரக்கவைக்கும். கார்டிசால் கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டு. சேமித்து வைக்க முடியாது, கேட்கும்போதுதான் தயாரிக்க வேண்டும். அதனால்தான் தாமதம். ஏசிடிஎச் அழுத்தம் முடியும் தறுவாயிலேயே உச்சத்தைத் தொட்டுவிடும். கார்டிசாலின் உச்சமோ அழுத்தம் தொடங்கி இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் வரும். ஆள் வெளியே வந்து, தண்ணீர் குடித்து, "அப்பாடா" என்று உட்கார்ந்திருக்கும் நேரம் அது. சோதனை முடிந்ததும் ஒரு குப்பி எடுத்துவிட்டு ஆளை அனுப்பிவிட்டால், மலை ஏறும் பாதையை மட்டும் பார்த்துவிட்டு உச்சி இல்லை என்று எழுதுவீர்கள்.

அடுத்து, எதைக் கொண்டு அழுத்துவது. பயமுறுத்தும் படம், பெருஞ்சத்தம், கடினமான கணக்கு என்று பலவற்றை முயன்று பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் இதயத் துடிப்பு ஏறும், கார்டிசால் அசையாது. சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும் 2004-இல் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: பிறர் தன்னை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், என்ன செய்தாலும் நிலைமை கையில் இல்லை என்ற உணர்வும் ஒன்று சேரும்போதுதான் கார்டிசால் நன்றாக ஏறுகிறது, இறங்கவும் நேரம் எடுக்கிறது. தனியறையில் உட்கார்ந்து போடும் கணக்கு வெறும் உழைப்பு. அதே கணக்கை நாலு பேர் முன்னால் தப்பும் தவறுமாகப் போடுவது மானப் பிரச்சினை. சுரப்பிக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது.

இந்த இரண்டையும் பிசகாமல் சேர்த்துத் தருவது ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பவும், கார்ல்-மார்ட்டின் பிர்க்கே, டிர்க் ஹெல்ஹாமர் மூவரும் 1993-இல் வெளியிட்டது. இன்றுவரை இந்தத் துறையின் அளவுகோல் அதுதான். அடிப்படை நிலையைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு வரை கார்டிசால் ஏறுவதை அவர்கள் காட்டினார்கள். நன்றாக நடத்தினால் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேரிடம் தெளிவான ஏற்றம் கிடைக்கும்.

நடத்தும் முறை: ஆளை ஓர் அறைக்கு அழைத்துப் போகிறீர்கள். மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு அல்லது மூன்று பேர், ஆண் ஒருவராவது, பெண் ஒருவராவது இருப்பது நல்லது. முன்னால் மைக், பக்கத்தில் வீடியோ கேமரா. வேலைக்கான நேர்காணலுக்கு வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, தான் ஏன் அதற்குத் தகுதியானவர் என்று ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்கிறீர்கள். குழுவினர் நடத்தையைக் கவனிப்பதில் பயிற்சி பெற்றவர்கள், பதிவைப் பிறகு ஆராய்வார்கள் என்றும் சொல்கிறீர்கள். தயாராக மூலப் பதிப்பில் 10 நிமிடம்; இப்போது பலர் 5 நிமிடமோ 3 நிமிடமோ தருகிறார்கள். குறிப்பு எழுதிக்கொள்ளத் தாள் கொடுங்கள், பேசப் போகும்போது அதை வாங்கிவிடுங்கள். இந்தச் சிறு பறிப்பே பாதி வேலையைச் செய்யும்.

பேச்சில் பெரும்பாலானோர் இரண்டாவது நிமிடத்திலேயே வறண்டுவிடுவார்கள். அப்போது குழு செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. "உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்" என்று தட்டையான குரலில் ஒரு தடவை சொல்லலாம். மறுபடி நின்றால் 20 வினாடி முழுசாக அமைதி காத்துவிட்டு, தயாராக வைத்திருக்கும் கேள்விகளில் ஒன்றைக் கேட்க வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் கணக்கு: 1022-இலிருந்து 13 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1009, 996, 983, 970 என்று போகும். எங்கே தப்பினாலும் "தவறு. 1022-இலிருந்து" என்று மட்டும் சொல்ல வேண்டும். வேகமாகப் போடுபவருக்கு இன்னும் கடினமான கழித்தலைத் தயாராக வையுங்கள். கணக்கில் கெட்டிக்காரர் தப்பே செய்யாமல் 5 நிமிடத்தையும் ஓட்டிவிட்டால் அவருக்கு அழுத்தமே இல்லை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு குழுவினரின் முகம். நம்மூர் மாணவர்களை வெள்ளைக் கோட்டு போட்டு உட்காரவைத்தால், எதிரே ஒருவர் திணறுவதைப் பார்த்ததும் இயல்பாகவே தலையாட்டிவிடுவார்கள், லேசாகச் சிரித்துவிடுவார்கள். ஒரு தலையாட்டல் போதும், ஏற்றம் சரிந்துவிடும். இது வெறும் ஊகம் அல்ல. குழுவினர் கனிவாக நடந்துகொள்ளும் "நட்பான" பதிப்பு ஒன்றை ஜெர்மனியிலேயே வேண்டுமென்று உருவாக்கிப் பார்த்தார்கள். பேச்சு அதேதான், கார்டிசால் ஏறவில்லை. அதற்காகக் கடுகடுவென்று முறைக்கவும் வேண்டாம். கல் மாதிரி இருந்தால் போதும். உண்மை ஆட்களை அழைப்பதற்கு முன்னால் குழுவுக்குக் குறைந்தது நாலைந்து ஒத்திகை வேண்டும். ஆய்வு முடியும் வரை அதே குழுவை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

குழுவே கிடைக்காது, அறை ஒன்றுதான் என்றால் குளிர்நீர்ச் சோதனை இருக்கிறது. மணிக்கட்டு வரை கையை 0 முதல் 3 டிகிரி செல்சியஸ் ஐஸ் தண்ணீரில் அதிகபட்சம் 3 நிமிடம் வைத்திருப்பது. வெறும் குளிர்நீர் ரத்த அழுத்தத்தை நன்றாக ஏற்றும், கார்டிசாலை அவ்வளவாக ஏற்றாது. லார்ஸ் ஷ்வாபே குழுவினர் 2008-இல் அதோடு சமூகக் கண்ணைச் சேர்த்தார்கள்: சிரிக்காத ஒருவர் எதிரே நின்று பார்ப்பார், கேமரா முகத்தைப் பதிவுசெய்யும். கார்டிசால் ஏறியது. கவனிக்க வேண்டியது தண்ணீரின் அசைவு. கை அசையாமல் இருந்தால் தோலைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்புப் படலம் உருவாகிவிடும். வெப்பமானி 2 டிகிரி காட்டும், கைக்கு அது 2 டிகிரியாக இருக்காது. மீன்தொட்டிக்கு வைக்கும் சிறிய பம்பு ஒன்றைப் போட்டுத் தண்ணீரைச் சுழலவிட்டால் தீரும். ஐஸ்கட்டி கையில் நேராக உரசாமல் ஒரு வலைத் தடுப்பு வையுங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுக்கும் ரேனோ நோய் உள்ளவர்களைச் சேர்க்கக் கூடாது.

கட்டுப்பாட்டுக் குழுவை, அதாவது அழுத்தம் இல்லாமல் அதே மாதிரி வேலையைச் செய்யும் ஒப்பீட்டுக் குழுவை, மறந்துவிடுபவர்கள் உண்டு. ஆள் இல்லாத அறையில் அதே நேரம் பேசுவது, எளிய கூட்டல் போடுவது, அல்லது 35 முதல் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் கை வைப்பது. இது இல்லாவிட்டால், நீங்கள் பார்க்கும் மாற்றம் அழுத்தத்தால் வந்ததா, பிற்பகலில் கார்டிசால் தானாக இறங்கும் நாள்சுழற்சியால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

ரத்தமா எச்சிலா என்பதற்கு வருகிறேன். கார்டிசால் மட்டும் போதும் என்றால் எச்சில். யோசிக்கவே வேண்டாம். ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் பெரும்பகுதி சிபிஜி என்ற புரதத்தோடும் கொஞ்சம் ஆல்புமினோடும் ஒட்டிக்கொண்டிருக்கும்; நூற்றுக்கு ஐந்து அளவுக்குத்தான் சுதந்திரமாகத் திரியும். திசுக்களில் வேலை செய்வது அந்தச் சுதந்திரப் பகுதிதான், எச்சிலுக்குள் கசிவதும் அதுதான். ரத்தத்தில் ஏறுவது எச்சிலில் தெரிய ஓரிரு நிமிடமே தாமதம். ஊசி இல்லை, செவிலியர் தேவையில்லை. ஊசியே ஓர் அழுத்தம் என்பதை மறக்க வேண்டாம்.

ஏசிடிஎச்சோ அட்ரினலினோ வேண்டும் என்றால் ரத்தம்தான், வேறு வழியில்லை. அப்போது ஒவ்வொரு தடவையும் குத்தக் கூடாது. முழங்கை மடிப்பில் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயிலேயே விட்டுவைக்கும் மெல்லிய குழல்) ஒன்றைப் போட்டுவிட்டு, குறைந்தது 45 நிமிடம் ஆளைச் சும்மா விட வேண்டும். அதற்கு முன் எடுப்பது குத்திய பயத்தின் அளவு. ஏசிடிஎச் ஒரு பெப்டைடு, அதாவது குட்டிப் புரதம்; சீக்கிரம் சிதையும். இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) கலந்த பிளாஸ்டிக் குழாயை முன்கூட்டியே ஐஸில் வைத்து, எடுத்த ரத்தத்தை உடனே ஐஸுக்குள் திருப்பி, கால் மணிக்குள் குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) சுற்றி, மேலே பிரியும் பிளாஸ்மா என்ற திரவத்தை மைனஸ் 80 டிகிரியில் போட வேண்டும். கண்ணாடிக் குழாய் ஆகாது. ஏசிடிஎச் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரத்த அணு உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள், உடைந்த அணுக்களின் நொதிகள் ஏசிடிஎச்சைத் தின்றிருக்கும்.

நரம்பு வழி எப்படிப் பதில் சொல்கிறது என்று அறிய எச்சிலில் ஆல்ஃபா அமிலேஸ் நொதியை அளக்கலாம் என்று எங்கும் எழுதியிருக்கும். அளக்கலாம், ஆனால் அதை அட்ரினலினுக்குப் பதிலாள் என்று எழுதாதீர்கள். அது வாயிலேயே உருவாகும் நொதி. எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது, பஞ்சை வாயின் எந்த மூலையில் வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும். உச்சம் சோதனை முடிந்த உடனேயே வந்து, பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். இதற்காகவே எச்சில் எடுத்த நேரத்தையும் எடையையும் குறித்துவைக்க வேண்டும்.

எச்சில் எடுப்பதற்கு இரண்டு வழி. சாலிவெட் எனப்படும் குழாயில் இருக்கும், எச்சிலை உறிஞ்சும் சுருளை ஒன்று முதல் இரண்டு நிமிடம் வாயில் மென்று திரும்பப் போடுவது. அல்லது ஒரு குட்டிக் குழல் வழியாகக் குப்பிக்குள் எச்சிலை வழியவிடுவது. கார்டிசாலுக்குச் சுருள் வசதி. டெஸ்டோஸ்டெரோனும் சேர்த்து அளக்கும் எண்ணம் இருந்தால் பருத்திச் சுருள் வேண்டாம், பருத்தியிலிருந்து கசிவது அந்த அளவீட்டைக் குழப்பும், வழியவிடுங்கள். பதற்றத்தில் வாய் வறண்டுபோகும், அதுதான் சோதனையின் நோக்கமே. சுருள் நனையவில்லை என்றால் இன்னொரு நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஊறவைப்பதற்காக எலுமிச்சை, புளிப்பு மிட்டாய் எதையும் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

யாரைச் சேர்ப்பது, என்ன சொல்லி வரச்சொல்வது என்பதில்தான் நிறைய ஆய்வுகள் சறுக்குகின்றன. விழித்த முதல் 30 முதல் 45 நிமிடத்தில் கார்டிசால் தானாகவே எகிறும், பிறகு நாள் முழுக்கச் சரியும். காலையில் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் அளவின் மேல் அழுத்தத்தின் ஏற்றத்தைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். ஆகவே பிற்பகல், எல்லோருக்கும் ஒரே நேரப் பட்டை. மதிய உணவும் கார்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால், சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். மூன்று மணிக்கு அழைத்து ஐந்தரைக்குள் முடிப்பது வசதி.

அதற்காகப் பட்டினியாகவும் வரக் கூடாது. கிர்ஷ்பவும் குழு 1997-இல் காட்டியது இது: நீண்ட நேரம் சாப்பிடாதவர்களிடம் அதே சோதனை கார்டிசாலை அசைக்கவே இல்லை, குளுக்கோஸ் குடித்தவர்களிடம் நன்றாக ஏறியது. புரதமும் கொழுப்பும் அந்த வேலையைச் செய்வதில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் வந்ததும் எல்லோருக்கும் ஒரு டம்ளர் திராட்சைச் சாறு கொடுத்துவிடுவது நடைமுறை. 200 மில்லி, எல்லோருக்கும் ஒரே அளவு. குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், முதல் எச்சில் அதன் பிறகு சிறிது நேரம் கழித்தே.

வர்றதுக்கு முன்னால் காபி, டீ, சிகரெட், மது, உடற்பயிற்சி எதுவும் கூடாது என்று எல்லோரும் எழுதுவார்கள். எழுதாமல் விடுபவை வேறு. ஒன்று, அதிமதுரம். தொண்டைக்காகப் பலர் மெல்லுவது. அதிலுள்ள கிளிசிரைசிக் அமிலம், எச்சில் சுரப்பியில் கார்டிசாலைக் கார்டிசோனாக மாற்றும் நொதியைத் தடுத்துவிடும். எச்சிலில் மட்டும் கார்டிசால் கூடுதலாகத் தெரியும். சில மெல்லும் புகையிலைகளிலும் அதிமதுரச் சாறு சேர்க்கிறார்கள். இரண்டு, ஸ்டீராய்டு கிரீம். தோலில் படை, அரிப்பு என்று ஹைட்ரோகார்டிசோன் தடவிய விரலால் சுருளைத் தொட்டால் போதும், எண் விண்ணைத் தொடும். ஹைட்ரோகார்டிசோன் என்பதே கார்டிசால்தான். சுருளைக் கையால் தொடாமல் குழாயிலிருந்து நேராக வாய்க்குள் சாய்க்கச் சொல்லுங்கள். மூன்று, ஆஸ்துமா இன்ஹேலர். பல இன்ஹேலர்களின் உள்ளே இருப்பது ஸ்டீராய்டு என்று பலருக்குத் தெரியாது, "மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். தனியாகக் கேளுங்கள். நான்கு, பல் துலக்கல். ஈறில் கசியும் ரத்தம் எச்சிலில் கலந்தால் ரத்தத்தின் கார்டிசாலும் கலக்கும்.

பெண்களைச் சேர்க்கும்போது மாதவிடாய் நாளையும் கருத்தடை மாத்திரையையும் கேட்காமல் விட்டால் தரவில் பாதி வீண். 1999-இல் கிர்ஷ்பவும் குழு இதை நேராக ஒப்பிட்டது. ரத்தத்தில் மொத்தக் கார்டிசால் எல்லாக் குழுவிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஏறியது. எச்சிலில் பார்த்தால் ஆண்களும், சுழற்சியின் பிற்பாதியில் இருந்த பெண்களும் ஒரே அளவு. முற்பாதியில் இருந்தவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் குறைவு. மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் சிபிஜி உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. சுரந்த கார்டிசாலில் பெரும்பகுதி அதில் ஒட்டிக்கொள்கிறது, எச்சிலுக்கு வருவது குறைகிறது. இந்தத் தொல்லைக்குப் பயந்து ஆண்களை மட்டும் வைத்து எத்தனையோ ஆய்வுகள் வந்தன. அது தீர்வாகாது, கேட்டு, குறித்து, சமமாகப் பிரித்தால் போதும்.

ஒரே ஆளை இரண்டாம் தடவை அழைப்பதாக இருந்தால் யோசியுங்கள். 1995-இல் இருபது ஆண்களை ஐந்து நாள் தொடர்ந்து அதே சோதனைக்கு உட்படுத்தினார்கள். இரண்டாவது நாளிலேயே பெரும்பாலானோருக்குப் பழகிவிட்டது, ஏழு பேருக்கு மட்டும் திரும்பத் திரும்ப ஏறியது. இதயத் துடிப்பு அப்படிப் பழகாது, கார்டிசால் பழகும். "மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்" என்ற வடிவமைப்பில் இரண்டாவது தடவை கார்டிசால் குறைந்தது மருந்தாலா பழக்கத்தாலா என்பதைச் சொல்ல முடியாமல் போவது இங்கேதான்.

இனி நிமிடக் கணக்கு. ஆள் வந்து குறைந்தது 30, முடிந்தால் 45 நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். வெயிலில் பஸ் பிடித்து, படியேறி வந்தவரின் கார்டிசால் அந்த நேரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். படிக்க ஏதாவது கொடுங்கள், கைபேசி வேண்டாம். ஓய்வு தொடங்கிக் கால் மணி கழித்து ஒரு குப்பி, பணியை விளக்குவதற்குச் சற்று முன் ஒன்று. இரண்டாவதைத்தான் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பு 5, பேச்சு 5, கணக்கு 5 என்றால் 15-ஆவது நிமிடத்தில் முடியும். அந்த நிமிடத்தில் ஒன்று. பிறகு 25, 35, 50, 65. மொத்தம் ஏழு. விளக்கக் கூட்டம், அதாவது எல்லாம் நடிப்பு என்று சொல்லி ஆளைச் சமாதானப்படுத்துவது, கடைசிக் குப்பிக்குப் பிறகு. சிலரை முன்பும் சிலரைப் பின்பும் சமாதானப்படுத்தினால் இறங்கும் கோடு ஆளுக்கு ஆள் மாறும். அதற்காக அழுதுகொண்டிருப்பவரை ஐம்பது நிமிடம் காக்கவைக்க வேண்டியதில்லை; எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும், அவரை நீக்கிவிடலாம்.

சுழியத்தில் எடுக்கும் குப்பி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். ஒருவருக்கு 0, 15, 25, 35, 50, 65-ஆவது நிமிடங்களில் கார்டிசால் முறையே 4, 6, 10, 9, 7, 5 நானோமோல்/லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை இரண்டு விதமாகக் கணக்கிடுவது வழக்கம், யென்ஸ் ப்ரூஸ்னர் குழுவினர் 2003-இல் சூத்திரங்களை ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் சராசரியை இடைவெளி நிமிடத்தால் பெருக்கிக் கூட்டினால்: 75, 80, 95, 120, 90, மொத்தம் 460. இது தரையிலிருந்து எடுத்த முழுப்பரப்பு. இதிலிருந்து முதல் அளவை மொத்த நிமிடத்தால் பெருக்கிக் கழித்தால், 4-ஐ 65-ஆல் பெருக்கினால் 260, மீதி 200. இது ஏற்றத்தின் பரப்பு. இப்போது அதே ஆள், அதே அழுத்தம், ஆனால் ஓய்வு போதாமல் சுழியக் குப்பியில் 7 வந்துவிட்டது, மற்றவை மாறவில்லை. முழுப்பரப்பு 482.5, கழிக்க வேண்டியது 455, மீதி 27.5. இருநூறாக இருந்த ஏற்றம் ஒரு குப்பியால் இருபத்தேழரை ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டு வந்திருந்தால் எதிர்மறைக்கே போயிருக்கும். இரண்டு பரப்பையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்றத்தை மட்டும் எழுதுபவர் எதையோ மறைக்கிறார் என்று வாசகர் சந்தேகிப்பார்.

யாருக்கு ஏறியது, யாருக்கு ஏறவில்லை என்று பிரிக்க முன்பு அடிப்படை அளவிலிருந்து 2.5 நானோமோல்/லிட்டர் ஏற்றம் என்ற கோடு புழக்கத்தில் இருந்தது. ராபர்ட் மில்லர் குழுவினர் 2013-இல் அது மிகக் கடுமை, 1.5 போதும் என்று காட்டினார்கள். கார்டிசால் பரவல் வலப்பக்கம் வால் நீண்டது. புள்ளியியல் சோதனைக்கு முன் மடக்கை எடுத்துவிடுவது நல்லது. வேறு ஆய்வின் எண்ணோடு ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: மைக்ரோகிராம்/டெசிலிட்டரை 27.59-ஆல் பெருக்கினால் நானோமோல்/லிட்டர். "எவ்வளவு பதற்றமாக இருந்தது" என்று ஆளிடமே கேட்ட மதிப்பெண்ணும் கார்டிசாலும் ஒத்துப்போகவில்லையே என்று கலங்க வேண்டாம். அப்படி ஒத்துப்போனது ட்ரியர் சோதனை ஆய்வுகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கில்தான்.

கடைசியாக அளவீடு. எடுத்த குழாய்களை அன்றே மைனஸ் 20-இல் போடுங்கள். கார்டிசால் அறை வெப்பத்திலும் தாங்கும், ஆனால் நம் வெயிலில் எச்சிலில் பூஞ்சை பிடிக்கும். ஒரு தடவை உறையவைத்து உருக்குவது நல்லதே: எச்சிலின் கொழகொழப்புக்குக் காரணமான மியூசின் திரண்டு, சென்ட்ரிஃப்யூஜில் அடியில் படிந்துவிடும், மேலே நிற்பது தண்ணீர் போல இருக்கும். சரியாகச் சுற்றாத எச்சிலைப் பிப்பெட்டில் இழுத்தால் நூல் நூலாக வரும், 25 மைக்ரோலிட்டர் என்று நினைத்தது 18 ஆக இருக்கும்.

எலைசா என்பது எதிர்ப்பொருளையும் நிறமாற்றத்தையும் வைத்து அளக்கும் முறை. அந்தக் கிட் போட்டி முறையில் வேலை செய்வது. கிணற்றின், அதாவது தட்டில் உள்ள சிறு குழியின், அடியில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைப் பிடிக்க, மாதிரியிலுள்ள கார்டிசாலும் நொதி ஒட்டிய கார்டிசாலும் போட்டியிடும். மாதிரியில் கூடுதலாக இருந்தால் நொதி ஒட்டியது குறைவாகவே பிடிபடும், நிறம் வெளிறும். அதாவது மங்கலான கிணறே அதிகக் கார்டிசால். நீலம் வந்து, அமிலம் ஊற்றியதும் மஞ்சளாகும். 450 நானோமீட்டரில் படிக்க வேண்டும். இங்கேதான் எலுமிச்சை விஷயம். புளிப்பான எச்சில் எதிர்ப்பொருள் எதையும் பிடிக்கவிடாமல் செய்யும்; நிறம் வெளிறும்; கருவி அதை அதிகக் கார்டிசால் என்று எழுதும். மாதிரியின் அமிலத்தன்மையைத் தாளால் பார்த்து, 4-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள்.

மருத்துவமனை ஆய்வகத்தில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) கார்டிசால் பார்க்கும் கருவி இருக்கிறதே, அதிலேயே கொடுத்துவிடலாமா என்றால், எச்சிலுக்கென்று சரிபார்த்திருந்தால் ஒழிய வேண்டாம். சீரத்தில் நூற்றுக்கணக்கான நானோமோல் இருக்கும். பிற்பகல் எச்சிலில் இருப்பது ஒற்றை இலக்கம். அந்தக் கருவியின் அளவுகோலில் முதல் கோட்டுக்குக் கீழேயே உங்கள் தரவு முழுக்கக் கிடக்கும். எல்சி-எம்எஸ், அதாவது மூலக்கூறுகளைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி, கிடைத்தால் அதுவே மேல். எலைசா எதிர்ப்பொருள் கார்டிசோனையும் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் அதன் எண்கள் சற்றுக் கூடுதலாகவே வரும். ஏற்ற இறக்கத்தின் வடிவத்துக்கு எலைசா தாராளமாகப் போதும்.

எத்தனை கிட் வாங்குவது என்று கணக்குப் போட்டுவிடலாம். நாற்பது பேர், ஆளுக்கு ஏழு குப்பி, 280 மாதிரி. ஒவ்வொன்றையும் இரட்டையாகப் போட வேண்டும்; இரண்டுக்கும் இடையே மாறுபாட்டுக் கெழு (சராசரியோடு ஒப்பிட்ட விலகல்) 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த மாதிரியைத் திரும்பப் போட வேண்டும். ஒரு தட்டில் 96 கிணறு. அளவுகோலுக்காக, கார்டிசால் அளவு தெரிந்த ஏழு கரைசல் இரட்டையாக 14, அளவீட்டைச் சரிபார்க்கும் கட்டுப்பாட்டு மாதிரி இரண்டு இரட்டையாக 4. மீதி 78. ஓர் ஆளின் ஏழு குப்பியையும் ஒரே தட்டில்தான் போட வேண்டும். பிரித்தால் தட்டுக்குத் தட்டு வரும் வித்தியாசம் ஆளின் ஏற்றமாகத் தெரியும். ஐந்து பேரின் 35 மாதிரி 70 கிணறு எடுக்கும். ஆகத் தட்டுக்கு ஐந்து பேர், எட்டுத் தட்டு. அழுத்தக் குழுவையும் கட்டுப்பாட்டுக் குழுவையும் ஒவ்வொரு தட்டிலும் கலந்து போடுங்கள். திரும்பப் போடுவதற்கு ஒன்று சேர்த்து ஒன்பது தட்டு, எல்லாம் ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில், ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.